சைலன்சர் கடையின் குரல்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவுக்கு அது தேவைப்படவில்லை. தெருவுக்கு அவர் சைலன்சர். எந்தப் புண்ணியவான் வைத்த பட்டமோ, வைத்தவனே மறந்து போயிருப்பான். பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. சலூன் போர்டில் அழகாக வேறொரு பெயர் எழுதியிருந்தும், வழி கேட்டு வருகிறவர்களிடம் "சைலன்சர் கடையைத் தாண்டிப் போங்க" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்ததில்லை. கோபம் வந்தால் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்குமே, அந்த வம்பு எதற்கு.

முடிவெட்டுகிறவர் என்றால் பேசுவார். தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவனால் எழுந்து ஓட முடியாது என்பது அவருக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில் பேசுவார். நம்ம ஆள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. திமிர் என்று நினைக்க வேண்டாம். வாய் ஓடினால் அவருக்குக் கை நின்றுவிடும், விஷயம் அவ்வளவுதான். தொழில் பழகிய காலத்தில் முதலாளி, "உம்முன்னு நிக்காதே, உட்கார்ந்திருக்கறவர்கிட்ட ஏதாவது பேச்சுக் கொடு" என்று விரட்டியிருக்கிறார். இவரும் மழையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மழை முடிவதற்குள் அந்த மனிதருடைய ஒரு பக்கத்துக் கிருதாவைக் காணோம். அன்றோடு சரி.

பேச்சுக்குப் பதிலாக அவர் விரல்களை வைத்துக்கொண்டார். தோளில் லேசாகத் தட்டினால் நிமிர்ந்து உட்கார வேண்டும். உச்சந்தலையில் விரல் அழுத்தினால் குனிய வேண்டும். தாடைக்கு அடியில் விரல்நுனி பட்டால் அண்ணாந்து பார்க்க வேண்டும். முதுகில் உள்ளங்கை விரிந்தால் வேலை முடிந்தது, எழுந்து போகலாம். பழகிய வாடிக்கையாளர்களுக்கு இது தாய்மொழி. புதிதாக வருகிறவர்களும் ஒரு தடவை வெட்டிக்கொள்வதற்குள் பழகிவிடுவார்கள்.

மனைவி அவருக்கு நேர் எதிர். எதிர் என்றால் குணத்தில் இல்லை, வேலையில். குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் மெஷினும் விற்கிற ஒரு கம்பெனியின் உதவி எண்ணில் அவளுக்கு வேலை. காலையில் காதில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் கழற்றும்வரை பேச்சு, பேச்சு, பேச்சு. மெஷின் ஆடுகிறது என்று ஒருவர் கத்துவார். தண்ணீர் வரவில்லை என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். குழாயைத் திறந்தீர்களா என்று இவள் தேனாகக் கேட்க வேண்டும். கடைசியில் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா" என்றும் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே சமையலறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவர் காய் நறுக்குவார். அவள் காலை நீட்டிக்கொண்டு அவர் நறுக்குவதைப் பார்ப்பாள். இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான், இதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை வெளியிலிருந்து வந்தது. எதிர்ச்சாரியில் ஒருவர் புதிதாக சலூன் திறந்தார். அவருக்கும் தெரு உடனே ஒரு பட்டம் கொடுத்துவிட்டது: ரேடியோ. நல்ல மனிதர், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கடை ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பித்தால் இறக்கும்வரை ஓயமாட்டார். யார் வீட்டில் யாருக்கு வேலை கிடைத்தது, எந்தப் பையன் எந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு எந்தக் கம்பத்தில் மோதினான், எல்லாம் அங்கே கிடைக்கும். முடி வளராதவர்கள்கூட அங்கே போய் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்கள். சைலன்சர் கடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் ஆள் உட்கார்ந்து நாளாகிவிட்டது, அதன்மேல் துண்டுகளை மடித்து அடுக்கி வைத்திருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மைத்துனன் வந்தான். மனைவிக்குத் தம்பி, பெரிய வணிக வளாகத்தில் ஒரு கண்ணாடி சலூனுக்கு மேனேஜர், கழுத்தில் அட்டை தொங்கும். நல்லதுக்குத்தான் வந்தான்.

"மாமா, எங்க கடையில ஒரு இடம் காலியா இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன். உங்க கைக்கு என்ன குறைச்சல்? ஆனா ஒண்ணு, அங்க பேசணும்."

என்ன பேச வேண்டும் என்பதற்கு அங்கே சட்டமே இருந்தது. ஆள் உட்கார்ந்ததும் பெயர் கேட்க வேண்டும். அப்புறம் லீவுக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அப்புறம் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, முடி வறண்டிருக்கிறது, உதிர்கிறது என்று ஏதாவது குறை கண்டுபிடித்து, அதற்கு ஒரு எண்ணெயோ க்ரீமோ தலையில் கட்ட வேண்டும். சைலன்சர் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் கடை இருக்கிற நிலைமை அவருக்குத் தெரியாதா. அன்று சாயங்காலம் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார்.

"உங்க தலை..." என்று ஆரம்பித்தார். அதோடு நின்றுவிட்டார்.

"என் தலைக்கு என்ன?" என்றாள் அவள்.

அவர் நெடுநேரம் யோசித்தார். "இருக்கு" என்றார்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்தக் கண்ணாடிக் கடையில் இந்த மனிதர் நிற்பதை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. அங்கே அவரை அனுப்பினால் கை மட்டும்தான் போகும், ஆள் செத்துப்போவார் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு அழுகைகூட வந்தது.

யோசனையும் அவளுக்குத்தான் வந்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் மத்தியானச் சாப்பாட்டின்போது போனில் நேரலை பார்ப்பாள். யாரோ ஒருவர் மரத்தை இழைத்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் செய்தி அனுப்புவார்கள். அவருக்கு இரண்டு கையும் வேலையில் இருப்பதால் படிக்க முடியாது. அதனால் ஒரு மெஷின் குரல் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டும். பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்துக்குத் தகுந்தபடி பார்க்கிறவர்களுக்குப் புள்ளிகள் சேரும். அந்தப் புள்ளிகளைச் செலவழித்தால்தான் குரல் அவர்கள் எழுதியதை வாசிக்கும். காசு பணம் சமாச்சாரம் எதுவும் இல்லை.

"ஏங்க, உங்களுக்குப் பேச வராது. பேசறவங்களைக் கடைக்குள்ள கூட்டிட்டு வந்துட்டா?" என்றாள்.

சைலன்சர் "ம்" என்றார். அவருடைய "ம்" பல வகைப்படும். இது, நீ சொன்னால் சரி என்கிற வகை.

கடை விடுமுறை நாளில் இருவரும் உள்ளே உட்கார்ந்து ஏற்பாடு செய்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் ஓரமாக ஸ்டாண்ட் போட்டு போனை நிறுத்தினார்கள். உட்கார்கிறவர் முகம் தெரியாமல் பின்னந்தலையும் அவர் கைகளும் மட்டும் தெரிகிற மாதிரி கோணம் பார்த்து வைத்தார்கள். சம்மதித்தால் மட்டும்தான் கேமரா, இல்லையென்றால் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவது என்று முடிவு. துண்டு அலமாரிக்கு மேல் ஒரு சின்ன ஸ்பீக்கர். பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் வேலை குரலைத் தேர்ந்தெடுப்பது. முதலில் வந்த பெண் குரல் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவள் நிறுத்திவிட்டாள்.

"இவ வேணாம். எங்க ஆபீஸ்ல 'காத்திருக்கவும்'னு சொல்றதும் இவதான். தினம் கேட்டு மண்டை காஞ்சு கிடக்கு."

அடுத்தது ஒரு ஆண் குரல், துக்கச் செய்தி சொல்கிற மாதிரி. அதுவும் வேண்டாம். மூன்றாவது, வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கிற கெட்டிக்காரப் பையன் குரல். வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் நன்றாகவே இருந்தது. அதை வைத்துக்கொண்டார்கள். சோதனைக்கு அவள் "வணக்கம்" என்று எழுதி அனுப்பினாள். ஸ்பீக்கர் வணக்கம் என்றது. அதை போனின் மைக் கேட்டு நேரலைக்கு அனுப்ப, கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பும் வணக்கம் என்றது. அதையும் மைக் கேட்டது. கடை முழுக்க வணக்கம் வணக்கம் என்று ஒரே மரியாதை. லேப்டாப் சத்தத்தை அடைத்த பிறகுதான் ஓய்ந்தது.

அப்புறம் தடைசெய்த வார்த்தைகள். அந்த வார்த்தை செய்தியில் இருந்தால் குரல் வாசிக்காது. கெட்ட வார்த்தைகள் ஏற்கெனவே தடையில் இருந்தன. "நம்ம தொழிலுக்குன்னு சிலது இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அவள் வழுக்கை என்று சேர்த்தாள், சொட்டை என்று சேர்த்தாள். சைலன்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "டோப்பா" என்றார். அதையும் சேர்த்தாள். அன்று முழுக்க அவர் தானாக வாய் திறந்து சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

முடிவெட்டுவதைப் பார்க்க ஆள் வருமா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. முதலில் அவள் அலுவலகத்துப் பெண்கள், அப்புறம் அவர்கள் வீட்டு மனிதர்கள், அப்புறம் யார் எவர் என்றே தெரியாதவர்கள். முதல் நாள் யாரோ சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அனுப்ப, குரல் அதைப் பொறுமையாக "சிரித்துக் கண்ணீர் விடும் முகம், சிரித்துக் கண்ணீர் விடும் முகம்" என்று ஒப்பித்துக்கொண்டே போனது. நாற்காலியில் இருந்தவர், "யாருங்க அது, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கவலையாகக் கேட்டார். அன்று சாயங்காலம் அவள் பொம்மைகளுக்கும் தடை போட்டாள்.

வழுக்கைக்குத் தடை போட்டதும் வீண். ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் குரல் சொன்னது: "மேல்மாடி காலியாக இருக்கிறதே, வாடகைக்கு விடுவாரா?"

சைலன்சருக்குக் கத்தரிக்கோல் கையிலேயே உறைந்துவிட்டது. பெரியவர் கண்ணாடியைப் பார்த்தார், தலையைத் தடவினார். "வாடகைக்கு இல்லப்பா. சொந்த உபயோகத்துக்கு" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்தப் பெரியவர் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமலே தன் நண்பரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கடை நிறைந்தது. இரண்டாவது நாற்காலியில் இருந்த துண்டுகள் அலமாரிக்கு ஏறின. எதிர்க்கடை பெஞ்சிலிருந்து பாதிப்பேர் ரோட்டைத் தாண்டி இங்கே வந்துவிட்டார்கள். குரல் கேள்வி கேட்கும், உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்வார், பெஞ்ச் சிரிக்கும். மனைவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தம்பிக்கு போன் போட்டு, "டேய், உன் இடத்தை வேற யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டாள். "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்க்கா" என்றான் அவன்.

சைலன்சருக்கும் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் குரல் பேசும்போதெல்லாம் அவர் கை நின்றது. மழையைப் பற்றி அவரே பேசினாலும் சரி, மாடியைப் பற்றி மெஷின் பேசினாலும் சரி, அந்தக் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. சீப்பும் கத்தரிக்கோலும் சேர்ந்து போகிற அந்த ஓட்டம் அறுந்து அறுந்து போனது. சாயங்காலம் கடையைக் கூட்டும்போது, நல்லபடியாக ஒரு தலையாவது வெட்டினோமா என்று நினைத்துப் பார்ப்பார். எல்லாத் தலையும் சுமாராகத்தான் வந்திருக்கும். அவருக்கு அது வலித்தது. கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு இது மேல் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு விளக்கை அணைப்பார்.

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுகிறவர் ஒருவர் அவருக்கு நெடுநாள் வாடிக்கை. மூட்டைமேல் ஏறி நின்று கூவினால் சந்தையின் அந்த முனைக்குக் கேட்கும், அப்படிப்பட்ட தொண்டை. சந்தை முடிந்து சவரத்துக்கு வருவார். வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார், முதுகில் கை படும்வரை திறக்க மாட்டார். ஊருக்குப் போயிருந்தவர் திரும்பி வந்திருந்தார். கடையில் குரல் குடியேறியது அவருக்குத் தெரியாது. சைலன்சர் போனைக் காட்டி, புருவத்தை உயர்த்திச் சம்மதம் கேட்டார். என்னவென்று பார்க்காமலே ஏலக்காரர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

நுரை போட்டாயிற்று. வலது கன்னம் முடிந்தது. தாடைக்கு அடியில் விரல்நுனி வைக்க, அவர் அண்ணாந்தார். சவரக்கத்தி தொண்டையருகே இறங்கிக்கொண்டிருந்தபோது அலமாரியிலிருந்து கெட்டிக்காரப் பையன் கணீரென்று கேட்டான்: "அண்ணன் தூங்குகிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா?"

ஏலக்காரர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். கத்தியை சைலன்சர் சட்டென்று இழுத்துக்கொண்டதால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஒரு பொட்டு ரத்தம். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சைலன்சர் படிகாரத்தை எடுத்து வைத்து அழுத்தினார். தொழிலுக்கு வந்து அவர் கத்தி ஒரு கழுத்தில் ரத்தம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்ன தம்பி இது?" என்றார் ஏலக்காரர்.

சைலன்சர் வாயைத் திறந்தார். அவருக்குப் பதிலாகக் குரல்தான், "அண்ணன் உயிரோடு இருக்கிறார், வாழ்த்துகள்" என்றது.

ஏலக்காரர் மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்து நாற்காலிக் கையில் வைத்தார். கோபமாகக்கூட இல்லை, சோர்வாகத்தான் சொன்னார்: "காலையில இருந்து கத்திட்டு வர்றேன் தம்பி. ஊர்ல வாயை மூடிட்டு வேலை பார்க்கற ஒரே இடம் இதுதான்னு வந்தேன். இதுவும் சந்தை ஆயிடுச்சா." இடது கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு பாதிச் சவரத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

அன்று வீட்டில் காய் நறுக்கப்படவில்லை. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவள், அவர் சும்மா கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பயந்துவிட்டாள்.

"என்னாச்சுங்க?"

"சந்தை அண்ணன் பாதியில எழுந்து போயிட்டார்."

"எதுக்கு?"

"சத்தம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கை வெட்டிடுச்சு" என்றார். அதற்கும் மேலே கொஞ்சம் பொறுத்து, "எனக்குப் பிடிக்கல" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் ஆளாளுக்கு வந்து, அவன் பேசவே மாட்டானே, காலம் முழுக்க எப்படிக் குப்பை கொட்டுவாய் என்று கேட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவளுக்கு வேறு என்ன வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

"நான் உங்களை எதுக்குக் கட்டிக்கிட்டேன் தெரியுமா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேசாம இருக்கறதுக்குத்தான். கடைசியில அதையே ரிப்பேர்னு நினைச்சு சரிபண்ணக் கிளம்பியிருக்கேன் பாருங்க. நாள் பூரா கம்ப்ளைன்ட் கேட்டுக் கேட்டு எனக்கு எதைப் பார்த்தாலும் ரிப்பேராவே தெரியுது."

அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அவளுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. ஆனால் அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை அவள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. குரலை ஒரேயடியாக அணைத்தால் பெஞ்சும் ரோட்டைத் தாண்டிப் போய்விடும். லேப்டாப்பைத் திறந்தாள். செய்தி வாசிக்கிற பொத்தானுக்குக் கீழே புதிதாக இன்னொரு பொத்தான் சேர்த்தாள். பெயர்: அமைதி. புள்ளிகளைச் செலவழித்து யாராவது அதை அழுத்தினால், ஒரு சவரம் முடிகிற நேரத்துக்குக் குரல் வாயைத் திறக்காது; யார் என்ன அனுப்பினாலும் சரி. விளையாட்டுக்கு யாரும் அழுத்திவிடக் கூடாது என்று அதற்கு ஏகப்பட்ட புள்ளிகள் வைத்தாள். ஆரம்பத்திலிருந்து பார்த்து, ஒரு செய்தியும் அனுப்பாமல் சேர்த்து வைத்தவர்களால்தான் முடியும்.

"யாரு அமுக்குவா?" என்றார் அவர்.

"பார்ப்போம். பேசணும்னு நினைக்கறவனுக்கு ஒரு பட்டன் இருந்தா, வேணாம்னு நினைக்கறவனுக்கும் ஒண்ணு இருக்கணும்ல."

மறுநாள் மத்தியானம் தெருவில் ஒரு வேடிக்கை. ஏலக்காரர் வலது கன்னம் வழவழவென்றும் இடது கன்னம் முள்ளாகவும் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். காலையில் மூட்டைமேல் ஏறி நின்று அந்த முகத்தோடுதான் ஏலம் கூவியிருக்கிறார், சந்தையே சிரித்திருக்கிறது. எதிர்க்கடை வாசலிலிருந்து ரேடியோ, "வாங்க வாங்க, என்ன இது, பாதியிலேயே கடன்காரன் வந்துட்டானா? யாரு வேலை இது? எப்படி ஆச்சு? உட்காருங்க, எல்லாம் விவரமா கேட்கறேன்" என்று அழைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் விவரமாகக் கேட்கிறேன் என்றதும் ஏலக்காரர் கால் அங்கேயே நின்றுவிட்டது.

சைலன்சர் சீப்பை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். "அண்ணே" என்றார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரேடியோகூட வாயை மூடிக்கொண்டார். "இடது பக்கம் மிச்சம் இருக்கு. வந்து உட்காருங்க. சத்தம் வராது, நான் பார்த்துக்கறேன்." சொல்லி முடித்தபோது அவருக்குக் காது சிவந்துவிட்டது.

ஏலக்காரர் வந்தார். உட்கார்ந்தார். அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். ஸ்பீக்கரை அணைக்க சைலன்சர் கையை நீட்டினார். கை அதைத் தொடுவதற்குள் கெட்டிக்காரப் பையன் பேசிவிட்டான்: "நேயர் ஒருவர் அமைதி கேட்டிருக்கிறார். இனி பேச்சு இல்லை."

கடையே ஸ்பீக்கரைப் பார்த்தது. அது அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஏலக்காரர் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் சாய்ந்து கண்ணை மூடினார். பெஞ்சில் இருந்தவர்கள்கூடப் பேச்சைக் குறைத்து, அப்புறம் நிறுத்திவிட்டார்கள். நுரை குழைக்கிற சத்தம், கத்தி போகிற சத்தம். இடது கன்னம் முடிந்ததும் சைலன்சர் கேட்காமலே கத்தரிக்கோலை எடுத்து அவர் காதோரத்தையும் பின்கழுத்தையும் ஒழுங்குபடுத்தினார். கை ஓடியது. நிற்காமல், தடுமாறாமல், பழையபடி ஓடியது. அவருக்கு உள்ளே அப்படி ஒரு நிம்மதி. முதுகில் உள்ளங்கையை வைத்தபோது ஏலக்காரர் எழுந்திருக்கவில்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு நாற்காலிதான் இருக்கிறதே என்று அவரை அப்படியே தூங்க விட்டார்.

போனில் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன, சத்தமில்லாமல். இப்படியே விடுங்கள் என்று ஒருவர். கத்தரிக்கோல் சத்தம் இப்போதுதான் கேட்கிறது என்று ஒருவர். என் குழந்தை தூங்கிவிட்டது என்று ஒருவர். அடுத்த நாள் யார் யாரோ தங்கள் புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து இன்னொரு அமைதி வாங்கினார்கள். அதற்கடுத்த நாளும் வாங்கினார்கள். காலையில் கலகலப்பு, மத்தியானம் அமைதி என்று கடைக்கு அதுவே ஒரு வழக்கமாகிவிட்டது. ஏலக்காரர் சந்தையிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தார்; எல்லாம் தொண்டை கட்டின ஆட்கள். ஒரு மத்தியானம் ரேடியோவே கடையைப் பூட்டிவிட்டு வந்து, "ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, எனக்கும் காது வலிக்குது" என்று உட்கார்ந்தார். சைலன்சர் அவருக்கு நன்றாகவே வெட்டிவிட்டார்.

மாதக் கடைசியில் மைத்துனன் பதில் கேட்க வந்தான். மத்தியானம் வந்துவிட்டான், பாவம். "மாமா, அந்த வேலை விஷயம்..." என்று ஆரம்பித்ததும் பெஞ்சிலிருந்து எல்லாரும் உஷ் என்றார்கள். காலியாக இருந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்து சைலன்சர் துணியைப் போர்த்தினார். மறுபடி வாயைத் திறந்தான். உச்சந்தலையில் ஒரு விரல் அழுத்தியது. குனிந்தான். முதுகில் உள்ளங்கை படும்வரை குனிந்தேதான் இருந்தான். எழுந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, கழுத்திலிருந்த அட்டையைச் சரிசெய்து, நிறைந்திருந்த பெஞ்சையும் பார்த்துவிட்டு, "சரி மாமா, புரிஞ்சுது" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் மனைவி நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். கடையில் யாரும் இல்லை. அவர் நேரலையை அணைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். தொண்டை கரகரத்தது. தம்பி போன் பண்ணினான் என்றாள். அவர் "ம்" என்றார். அப்புறம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"சந்தை அண்ணன் வந்த அன்னிக்கு, முதல்ல அமுக்கினது யாரு?"

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "அவ்வளவு புள்ளி யார்கிட்ட இருக்கும்னு நினைக்கிறீங்க?"

அவருக்கு விளங்கவில்லை.

"முதல் நாள்ல இருந்து ஹெட்போன்ல ஓடிட்டுத்தாங்க இருக்கு. சாப்பாட்டு நேரம், டீ நேரம், எல்லாம். ஒரு வார்த்தை எழுதினதில்ல. குரல் வர்றப்ப சத்தத்தைக் குறைச்சுக்குவேன், அது ஓஞ்சதும் கூட்டிக்குவேன். உங்க கத்தரிக்கோல் சத்தம் கேட்டாத்தான் எனக்கு அங்க சோறே இறங்குது. அன்னிக்கு நீங்க அண்ணேன்னு கூப்பிட்டது கேட்டுச்சு, அவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். சேர்த்து வச்சதை எல்லாம் கொட்டிட்டேன்."

சைலன்சர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வந்தால் கை நின்றுவிடும். துணியை உதறி அவள்மேல் போர்த்தினார். தோளை லேசாகத் தட்டினார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கத்தரிக்கோலை எடுத்து அவள் காதுக்குப் பக்கத்தில், முடியைத் தொடாமல், வெறும் காற்றையே வெட்டத் தொடங்கினார். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தலை மெதுவாக ஒரு பக்கமாகச் சாயும்வரை அவர் வெட்டிக்கொண்டே இருந்தார்.